அப்பாவின் இடது கைக்கு ஒரு பெட்டி

தேனிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே 'மைக்செட்காரர்' என்றால் ஒருவர்தான். காதுகுத்து, சடங்கு, பங்குனிப் பொங்கல் என்று எது நடந்தாலும் முதல் நாளே அவருடைய குழாய் ரேடியோ வேப்பமரத்தில் ஏறிவிடும். இசைத்தட்டில் ஆரம்பித்து கேசட், சிடி, பென் டிரைவ் என்று காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்தவர். ஒரு விஷயத்தில் மட்டும் மாறவே இல்லை. ஒரு பாட்டு முடியும் இடத்தில் மௌனம் விழக் கூடாது. சாமி பாட்டு அடங்குவதற்குள் குத்துப்பாட்டு பொத்தென்று வந்து விழவும் கூடாது.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சும் மெல்லத் திரும்பிவிட்டது. வலது கைதான் திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் நினைத்த இடத்தில் போய் உட்காராது. இடது கையால் மவுஸைப் பிடித்துப் பார்த்தார். அம்புக்குறி திரை முழுக்க ஓடியது. வருமானம் நின்றதைக்கூட அவர் பெரிதாகப் பேசவில்லை. செட்டைப் பங்காளி வீட்டுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தபடி, அவன் பாட்டு மாற்றுகிற லட்சணத்தை ஊர் முழுக்கக் கேட்கும் குழாய் வழியாகக் கேட்க வேண்டியிருந்ததே, அதுதான் தாங்கவில்லை.

மகள் கோவையில் கணக்கு வேலை பார்க்கிறாள். பழைய டிஜே கன்ட்ரோலர் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தாள். இரண்டு பக்கமும் வட்டத் தட்டு, நடுவில் ஸ்லைடர்கள், சுற்றிலும் பட்டன்கள்.

"இதுல பாட்டு எங்கத்தா இருக்கு?"

"இதுல பாட்டே இல்லப்பா. பாட்டெல்லாம் லேப்டாப்புலதான்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு திருகு?"

நியாயமான கேள்விதான். இந்தப் பெட்டி செய்வதெல்லாம் எண்களை அனுப்புவது மட்டுமே. ஒரு பட்டனை அழுத்தினால் 'இன்ன பட்டன், 127' என்று யுஎஸ்பி கம்பி வழியாகச் செய்தி போகும். விட்டால் 0. திருகைத் திருப்பினால் 0 முதல் 127 வரை ஏதோ ஓர் எண். இந்த எண் மொழிக்குப் பெயர் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், இரண்டு வேறு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றொன்று பாடுவதைக் காட்டினார்கள். அதை உருவாக்க முன்னின்ற அமெரிக்கர் டேவ் ஸ்மித்துக்கும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககெஹாஷிக்கும் 2013-ல் கிராமி அமைப்பு தொழில்நுட்ப விருது கொடுத்தது. போட்டிக் கம்பெனிகள் உட்கார்ந்து பேசி ஒரே மொழிக்கு ஒத்துக்கொண்டது அன்றைக்குப் பெரிய காரியம். இன்றைக்கு வரும் டிஜே பெட்டிகளில் பெரும்பாலானவை பேசுவதும் அதே மொழிதான்.

எண்ணை அனுப்புவது பெட்டி. அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வது லேப்டாப்பில் இருக்கும் மென்பொருள். பட்டன் மேல் 'பிளே' என்று அச்சிட்டிருக்கிறதே, அது வெறும் பெயின்ட். அந்த அர்த்தத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். இதைப் படித்த பிறகுதான் மகளுக்கு அந்தப் பெட்டியை வாங்கும் யோசனையே வந்தது.

அவள் எடுத்துக்கொண்டது 'மிக்ஸ்' என்ற இலவச மென்பொருள். ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். பெட்டியை முதலில் செருகிவிட்டு, பிறகு மென்பொருளைத் திறக்க வேண்டும். அமைப்புகளில் 'கன்ட்ரோலர்ஸ்' பகுதிக்குப் போனால் பெட்டியின் பெயர் தெரியும். பிரபலமான பெட்டிகளுக்கு 'மேப்பிங்' ஏற்கெனவே தயாராக இருக்கும். பட்டியலில் தேர்ந்தெடுத்து, இயங்கச் செய்தால் போதும். பத்து நிமிடத்தில் பாட்டு ஓடியது. இரண்டு கையும் நன்றாக இருப்பவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்பா உட்கார்ந்தார். இடது கையால் பாட்டைத் தொடங்கினார். வலது கை தன்னால் சரிந்து வலது பக்கத் தட்டின் மேல் விழுந்தது. அடுத்த டெக்கில் இருந்த பாட்டு 'கீச்' என்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விட்டார்.

அன்று இரவு மகள் செய்த முதல் வேலை, வலது பாதியில் இருந்த பட்டன், தட்டு, திருகு எல்லாவற்றின் வரிகளையும் மேப்பிங் அட்டவணையிலிருந்து நீக்கியது. பெட்டி வழக்கம்போல எண்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். கேட்பதற்கு எதிர்ப்பக்கம் ஆளில்லை. இனி வலது கை எங்கே விழுந்தாலும் பாட்டு நகராது.

அடுத்து, இரண்டு டெக்கையும் இடது பக்கத்துக்கே கொண்டுவர வேண்டும். அதற்கு 'லேர்னிங் விசார்ட்' என்று ஒன்று இருக்கிறது. திரையில் எந்த வேலை வேண்டுமோ அதைக் கிளிக் செய்து, பிறகு பெட்டியில் எந்த பட்டன் வேண்டுமோ அதை அழுத்தினால் இரண்டுக்கும் முடிச்சு விழுந்துவிடும். இடது பக்கத்துச் சதுர பட்டன்களில் மேல் வரிசை முதல் டெக்குக்கு, கீழ் வரிசை இரண்டாவது டெக்குக்கு. எல்லாம் சரியாக விழுந்தது.

ஒரு பாட்டை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிற ஸ்லைடர்தான் படுத்தியது. அது நடுவில் குறுக்காக, கைக்கு அடக்கமில்லாமல் இருந்தது. "பட்டனைத் தட்டினா அதுவே பத்து செகண்டுல மாத்திக்கும்பா, ஆட்டோ டிஜேன்னு ஒண்ணு இருக்கு" என்றாள். "அதுவே மாத்துனா அங்க நான் எதுக்குத்தா?" என்றார். அதற்கு மேல் அவள் பேசவில்லை.

இடது ஓரத்தில் ஒரு நீள ஸ்லைடர் இருந்தது. பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது. காதுகுத்தில் யார் வேகத்தை மாற்றப்போகிறார்கள்? அதையே பாட்டு மாற்றும் ஸ்லைடராக முடிச்சுப் போட்டாள். இழுத்தால் இரண்டு பாட்டும் மாறி மாறிக் குதித்தன. காரணம் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. துல்லியம் போதாது என்று இந்த மாதிரி ஸ்லைடர்கள் ஒரே அசைவுக்கு இரண்டு எண்களை அனுப்பும்: ஒன்று பெரிய படி, மற்றது அந்தப் படிக்குள் இருக்கும் சின்னப் படி. இரண்டும் சேர்ந்தால் 16,384 நிலைகள். விசார்ட் சின்னப் படியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மேலிருந்து கீழ் வருவதற்குள் அது 128 தடவை 0-வுக்கும் 127-க்கும் ஓடித் திரும்பும். பாட்டு குதிக்காமல் என்ன செய்யும்? அந்த வரியை நீக்கிப் பெரிய படியை மட்டும் வைத்ததும் அடங்கியது. திசை தலைகீழாக இருந்ததை 'இன்வெர்ட்' சரிசெய்தது.

இன்னொரு வசதியையும் அவள் போட்டுவைத்தாள். பெட்டியில் திருகு ஓரிடத்திலும் திரையில் சத்தம் வேறிடத்திலும் இருந்தால், தொட்டவுடன் சத்தம் தாவும். குழாய் ரேடியோவில் அப்படித் தாவினால் தொட்டில் குழந்தை அலறும். 'சாஃப்ட் டேக்கோவர்' போட்டுவிட்டால், திருகு திரையில் உள்ள அளவைத் தொடும்வரை மென்பொருள் காத்திருக்கும்.

எல்லாவற்றையும் தனிப் பெயரில் சேமித்து, அந்த ஃபைலை பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டாள். லேப்டாப் போனாலும் இந்த உழைப்பு போகாது. பட்டன்கள் மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டி பால்பாயின்ட் பேனாவால் எழுதினாள்: ஒண்ணு, ரெண்டு, நிறுத்து.

அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர்தான் உட்கார்ந்தார். ஒயரைப் பங்காளி பையன் இழுத்தான், மரத்திலும் அவனே ஏறினான். மாவிளக்கு எடுத்து வந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. சாமி பாட்டு தேய்ந்து மறைய, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் வந்து சேர்ந்தது.

அடுத்த மாதம் கோவைக்கு போன் வந்தது.

"ஏத்தா, அந்த வலது பக்கம் ஒரே ஒரு பட்டனுக்கு உயிர் குடேன். பெரிசா உள்ள பட்டனா பாத்துக் குடு."

எந்த வேலைக்கு என்று கேட்டாள். "ஏதாச்சும் ஒண்ணு. குறி தப்புனாலும் பரவாயில்லாத வேலையா இருக்கணும்" என்றார். கோயில் மணிச் சத்தம் ஒன்றைச் சாம்ப்ளரில் ஏற்றி, அந்த பட்டனுக்குக் கொடுத்திருக்கிறாள். இப்போதைக்கு வீட்டில் மட்டும்தான். காலையில் கைப்பயிற்சி முடிந்ததும் பத்து தடவை என்று கணக்கு. நான்கு தடவை மணி அடிக்கிறது.