மாஸ்டர் தேவை

சென்னை ஓட்டல் வாசல்களில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகையும் தொங்கும்: ‘ஆட்கள் தேவை. தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சப்ளையர், கிளீனர். உணவு, தங்குமிடம் இலவசம்.’ முன்பெல்லாம் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கயிற்றில் கட்டுவார்கள். ஆள் கிடைத்ததும் அவிழ்த்துவிடலாம். இப்போது ஃபிளெக்ஸில் அச்சடித்து ஆணியே அடித்துவிடுகிறார்கள். கழற்ற வேண்டிய நாள் வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது.

நண்பர் ஒருவர் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் டிபன் கடை திறக்கும் ஏற்பாட்டில் இருந்தார். உட்கார மேசை கிடையாது. டோக்கன் வாங்கி, கவுன்ட்டரில் தட்டை எடுத்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டவேண்டிய கடை. காலையில் இட்லி, பொங்கல், வடை, தோசை, சாயந்திரம் பரோட்டா. “ஆள் எடுக்கிற கூத்தை ஒருதடவை வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். போனேன். வாடகை, முதலீடு, பங்குதாரர் கணக்கெல்லாம் அவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். தலையாட்டினேனே தவிர எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஏறியது ஒன்றுதான். அவர் மாஸ்டரே இல்லாத கடை நடத்த நினைத்தார். விரைவு உணவகம் என்ற ஏற்பாட்டின் அடிப்படையே அதுதானே. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடி, சமையலறையைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார்கள். ஒருவர் இறைச்சியை வாட்டுவார், ஒருவர் பன்னை அடுக்குவார், ஒருவர் மில்க் ஷேக் கலப்பார். சமையல் தெரிந்த ஆள் வேண்டாம், ஒரே ஒரு வேலை தெரிந்த ஆள் போதும். போனால் அடுத்தவனை நிறுத்திக்கொள்ளலாம். நண்பரும் அதே வழியில் சாம்பார், சட்னி, மாவு எல்லாவற்றையும் பொதுச் சமையலறை ஒன்றிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். இட்லியை ஸ்டீமரில் வைத்து மணி அடித்ததும் எடுக்கவேண்டியது. பொங்கல் ஹாட்பாக்ஸில் வந்துவிடும். வடைக்கு எண்ணெயின் சூட்டைக் காட்டும் அடுப்பு. சுவரில் செய்முறை அட்டை, இந்தியிலும் தமிழிலும்.

திட்டம் இடறி விழுந்தது தோசைக்கல்லில். இரண்டு பையன்களை நிறுத்திப் பார்த்தாராம். ஒருவன் ஊற்றியது கல்லோடு ஒட்டிக்கொண்டது, இன்னொருவன் ஊற்றியது கரண்டியோடு வந்துவிட்டது. அதன்பிறகுதான் மாஸ்டர் தேடும் படலம்.

ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்டின் அலுவலகம் கோயம்பேடு பக்கம், மொபைல் கடை ஒன்றின் மாடியில். உள்ளே பெஞ்சில் ஏழெட்டுப் பேர், காலடியில் பைகள். ஏஜெண்ட் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, “ஒரிசாவா, ஜார்கண்டா, அஸ்ஸாமா? என்ன வேணும் சொல்லுங்க” என்றார். பையன்கள் பேச்சுப் புரியாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று. கிளீனருக்கும் ஹெல்ப்பருக்கும் முதலாளி தரவேண்டியது 3,000 ரூபாய். மாஸ்டர் என்றால் 6,000. பதினைந்து நாளுக்குள் ஓடிவிட்டால் ஒருமுறை இலவசமாக வேறு ஆள். இது வெளிக்கணக்கு. பையனிடமும் முதல் மாதச் சம்பளத்தில் பாதி பிடிக்கப்படுகிறது என்பதைக் கீழே டீக்கடையில் நின்ற ஒரு சப்ளையர்தான் சொன்னார்.

ஓட்டல் முதலாளிகளைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே புலம்பல்: “நிலைச்சு நிக்க மாட்டேங்கிறாங்க சார்.” ஏன் நிற்கவேண்டும்? பையன் ஒரு கடையில் ஒட்டிக்கொண்டுவிட்டால் ஏஜெண்டுக்கு அவனால் சல்லிக்காசு வராது. மூன்றாம் மாதம் அவரே போன் போடுவார். “இன்னொரு கடையில ஆயிரம் ரூபா கூட்டித் தர்றான், வர்றியா?” பையன் நகர்வான். அங்கே ஒரு கமிஷன். ஆள் போன கடை அவரிடமே திரும்பி வரும். அங்கேயும் ஒரு கமிஷன். ஆட்கள் ஓடுவதுதான் இந்தத் தொழிலின் வருமானம் என்றிருக்கும்போது, ஓடுகிறவனை மட்டும் திட்டி என்ன பயன்? மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக 1979-லேயே சட்டம் வந்தது. ஆள் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்கவேண்டும், புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தரவேண்டும், ஊர்விட்டு வருவதற்கு ஈடாக மாதச் சம்பளத்தில் பாதியைத் தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அந்த மாடியில் பாதிச் சம்பளம் நிஜமாகவே கைமாறுகிறது. திசை மட்டும்தான் தலைகீழ். சட்டம் வாங்கிக்கொள் என்று சொன்னவனிடமிருந்தே பிடுங்குகிறார்கள். நல்ல ஓட்டல் என்று பெயரெடுத்த முதலாளிகளும் இதைத் தெரிந்துகொண்டே அந்தப் படியேறுகிறார்கள். என் நண்பரும் ஏறினார், கூடவே நானும்.

ஒரு காலத்தில் ஆள் கூட்டிவரும் வேலையைச் செய்தவர்கள் சொந்தக்காரர்கள். உடுப்பிப் பக்கத்து ஓட்டல்காரர்கள் ஊருக்குப் போனால் திரும்பும்போது ஒன்றிரண்டு பையன்களைக் கூட்டிவருவார்கள். உட்லண்ட்ஸ் ஓட்டல்களை நிறுவிய கே. கிருஷ்ணராவே அந்தப் பக்கத்திலிருந்து மதராசுக்கு வந்து சமையலறை எடுபிடி வேலையில் தொடங்கியவர்தான். அந்தச் சித்தப்பாக்களும் மாமாக்களும் தர்மவான்கள் என்று நான் சொல்லவரவில்லை. அடியும் உதையும் தாராளமாகவே இருந்தன. ஆனால் பையன் காணாமல் போனால் ஊரில் பதில் சொல்லவேண்டியிருந்தது.

மாஸ்டர் அந்த பெஞ்சில் இல்லை. தெரிந்த பால்காரர் ஒருவர் மூலம் நேராகக் கடைக்கே வந்தார். உசிலம்பட்டிப் பக்கம். ஐம்பதைத் தாண்டியவர். முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் ஒரு முடிகூட இல்லை. எல்லாம் வெக்கையில் பொசுங்கிப் போனது. நண்பர் செல்போனில் நேரம் பார்க்கத் தயாராக நின்றார். பத்து தோசை, எத்தனை நிமிடம் என்பது அவருடைய தேர்வு.

மாஸ்டர் கரண்டியைத் தொடவில்லை. கல்லைப் பார்த்தார். குனிந்து அடியில் இருந்த பர்னர்களைப் பார்த்தார். உள்ளங்கையைக் கல்லுக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நகர்த்தினார்.

“புதுக் கல்லா சார்?”

“போன வாரம் வந்தது மாஸ்டர்.”

“யாரு பழக்குனது?”

யாரும் பழக்கவில்லை. கல்லைப் பழக்கவேண்டும் என்பது செய்முறை அட்டையில் இல்லை. “இதுல நான் ஊத்துனாலும் ஒட்டத்தான் செய்யும். பாவம், பயலுகளைத் திட்டியிருப்பீக” என்றார். தேர்வு அத்தோடு முடிந்தது. அன்று மதியம் முழுக்க அவர் அந்தக் கல்லோடு மல்லுக்கு நின்றார். கம்பெனி பூசி அனுப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவினார். காயவைத்தார். நல்லெண்ணெய் தடவிப் புகையவிட்டார். பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, கரண்டிக் காம்பில் குத்தி, கல் முழுக்க அழுத்தித் தேய்த்தார். தீயைக் குறைத்தார், ஆறவிட்டார், மறுபடி எண்ணெய். வெள்ளை இரும்பு பழுப்பாகி, பழுப்பு கறுக்கத் தொடங்கியது. முதலில் ஊற்றிய சில தோசைகள் பிய்ந்து வந்தன. ஒன்றும் சொல்லாமல் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்ததை ஊற்றினார்.

தண்ணீர் தெளிப்பதைத்தான் நான் அதிக நேரம் கவனித்தேன். வாடிக்கையாளராக எதிரே நிற்கும்போது அது வெறும் சடங்காகவே படும். காய்ந்த கல்லில் அப்படியே மாவை ஊற்றினால், தேய்ப்பதற்குள் வெந்து கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். ஊற்றும் நொடியில் கல் கொஞ்சம் தணிந்திருக்கவேண்டும், பரப்பி முடித்ததும் சூடு ஏறவேண்டும். ஒரு கை தண்ணீர் தெளித்து, விளக்குமாறால் ஒரே இழுப்பில் துடைத்து, அந்த ஈரம் மறைந்ததும் ஊற்றுகிறார். “எப்படிக் கணக்கு?” என்றேன். “சத்தந்தான் சார். சொய்ங்னு நீளமாக் கேட்டா சூடு கம்மி. சடசடன்னு வெடிச்சுச்சுன்னா இன்னுங் கொஞ்சம் தெளிக்கணும்.” கல்லின் இடது ஓரம் வலதைவிடப் பிந்துகிறது என்பதையும் அவர் அதற்குள் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பக்கம் ஊத்தப்பம், நடுவில் நெய் ரோஸ்ட் என்று பிரித்துக்கொண்டார்.

ஏஜெண்ட் மூலம் ஜார்கண்டிலிருந்து வந்த ஹெல்ப்பர் பையன், பத்தொன்பது வயது இருக்கும், இதையெல்லாம் பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அருகிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு விளக்குமாறைக் கையில் கொடுத்தார். “துடைடா தம்பி. ரெண்டு மாசம் நீ துடைக்கத்தான் போற. கரண்டி அப்புறம்.” அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, துடைத்தான்.

மாஸ்டருக்கு அப்படி ரெண்டு மாசம் என்று யாரும் சொல்லவில்லை. பதினொரு வயதில், மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் மேசை துடைக்க வந்தவர். அப்பா இல்லை. “மூணு வேளை சோறுன்னாங்க. அதுக்கு மேல என்ன வேணும்?” மேசையிலிருந்து எச்சில் இலை, அங்கிருந்து உருளைக்கிழங்கு உரிப்பது, பிறகு கிரைண்டர். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே தூங்கிவிழுந்து, விரலில் ஒன்றை நசுக்கிக்கொண்டார். அந்த நகம் இன்றும் கோணல்தான். கல்லுக்கு முன்னால் நிற்க நாலைந்து வருடம் ஆனது. அதுவும் மாஸ்டர் மதியம் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் மட்டும், வேலையாட்களுக்கான தோசை மட்டும். கருகினால் சூடான தோசைத் திருப்பி முழங்காலுக்குக் கீழே விழும். வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினார். அதைக் காட்டும்போது அவர் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. “நல்ல கைக்காரரு சார் அந்த மனுசன்” என்றார்.

திருப்பூர், பெங்களூரு, பிறகு மலேசியா. அங்கே போக ஏஜெண்டுக்கு 80,000 ரூபாய், மனைவியின் நகையை விற்று. போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது மூத்த பெண்ணுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மலேசியாவைப் பற்றி இதற்குமேல் பேச அவருக்கு விருப்பமில்லை. பேச்சு மறுபடி கல்லுக்குப் போய்விட்டது. மகன் சென்னையில்தான் இருக்கிறான், பைக்கில் சாப்பாடு டெலிவரி. “கல்லு முன்னாடி நிக்கமாட்டேன்னுட்டான். வெயில்ல அலையிறான். என் வெக்கைக்கு அவன் வெயிலு தேவலைங்கிறான்.”

பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஓட்டல், தாபாக்களில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வரவேண்டிய தடை, வெகு தாமதமாக வந்தது. ஆனால் மேசை துடைக்கும் சிறுவன்தான் பத்து வருடம் கழித்து மாஸ்டர் ஆகிறான் என்பதே இந்தத் தொழிலுக்கு இருந்த ஒரே பள்ளிக்கூடம். அதை மூடியபோது முதலாளிகள் வேறொன்றைத் திறக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த பயிற்சிக்கு இனி காசு செலவழிக்கவேண்டும் என்பது அவர்களுக்கு உறைக்கவேயில்லை. கேட்டரிங் படித்து வருகிறவர்களுக்குக் கப்பலும் நட்சத்திர ஓட்டலும்தான் கண்ணில் தெரிகின்றன, அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதுரையில் பரோட்டா போடச் சொல்லித்தரும் பயிற்சி மையமே வந்துவிட்டது. தோசைக்கு அப்படி எத்தனை இடம் இருக்கிறது? வடக்கிலிருந்து வரும் பையன்களை வைத்து ஓட்டலாம் என்று இருந்தவர்களுக்கு 2020 ஊரடங்கு ஒரு அடி. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது இன்னொரு அடி. ஹோலிக்கு ஊருக்குப் போகிற நேரம் வேறு. நண்பருடைய மைத்துனரின் கடையில் அந்த வாரம் முதலாளியே பாத்திரம் கழுவினாராம்.

சாயந்திரம் சம்பளப் பேச்சு. மாஸ்டர் நாளுக்கு 1,300 கேட்டார். நண்பர் 1,100-ல் தொடங்கி 1,200-க்கு வந்தார். பிறகு அட்வான்ஸ் எடுத்தார், 20,000. மாஸ்டர் அதைத் தள்ளிவிட்டார்.

“அது வேணாம் சார். வாங்கினா உங்களுக்குப் பயம், எனக்கும் பயம். மாசத்துல நாலு நாள் லீவு குடுங்க, சம்பளத்தோட. அப்புறம் கல்லுக்குப் பின்னாடி ஒரு முக்காலி.”

லீவுக்கு நண்பர் சீக்கிரமே ஒத்துக்கொண்டார். முக்காலிக்குத்தான் யோசித்தார். சமையலறை வெறும் எட்டடி அகலம், பின்னால் தட்டு எடுத்துப் போகும் வழி. மாஸ்டர் முகத்தில் எதையும் காட்டாமல் காலை நீட்டினார். கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தன. வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினோம். தோசைக்கல் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. நான் அதை நண்பரிடம் சொன்னேன். “சட்டத்தைப் பேசாதீங்க சார், இடத்தைப் பேசுங்க” என்றார் அவர். டேப்பை எடுத்துவந்து அளந்தார். பாத்திர அலமாரியை ஒன்றரை அடி தள்ளினால் மடக்கு முக்காலி ஒன்று போடலாம் என்று முடிவாயிற்று.

“பையன் சம்பளத்துல ஏஜெண்டு பிடிப்பான்ல, அது எவ்வளவு?” என்று மாஸ்டர் எழுந்து போகும்போது கேட்டார். நண்பர் சொன்னார், ஆறாயிரத்துக்குப் பக்கம். “அதை நீங்களே அவன்கிட்ட குடுத்துருங்க. ஏஜெண்டு போன் பண்ணினா நான் பேசிக்கிறேன்.” நண்பர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாத முடிவில் பாதியைப் பையனிடம் கொடுத்திருக்கிறார். மீதிப் பாதியை ஏஜெண்ட் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.