மூச்சு முட்டிய மகிழுந்து

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு

மனிதனுக்கு மூச்சு முட்டினால் மருத்துவரை நாடுகிறோம். மகிழுந்துக்கே மூச்சு முட்டினால்? நகைக்காதீர்கள், நண்பர்களே! நான் கண்ணால் கண்டது இது.

தருமபுரியில் வாழும் என் தாய்மாமாவிடம் 1976-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில், மேற்கு வங்கத்து உத்தரபாராவில் பிறந்த குலம். 2014-இல் உற்பத்தி நின்றுபோனது. மாதந்தோறும் பாட்டியைச் சேலத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அந்த வண்டிதான். பேருந்தில் உட்கார இயலாத பாட்டிக்கு அதன் பின்னிருக்கையே கதி.

சென்ற ஆண்டு அதற்கு விந்தையான நோய் கண்டது. இருபது கிலோமீட்டர் ஓடும், விக்கும், நின்றுவிடும். கால்மணி நேரம் கழிந்தால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். புதுப் பம்பு போட்டார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்றார் மெக்கானிக். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினார் மாமா. பழைய ஓட்டுநர்கள் அறிந்த கைவைத்தியம்தான், பலிக்கவில்லை. "எடைக்குப் போட்டுடலாம் மாப்பிள்ளை" என்றார். குரல் கம்மியிருந்தது.

சூடுதான் காரணமென்றால் மார்கழி விடியலிலும் ஏன் நிற்கவேண்டும்? அடுத்த பயணத்தில் நானும் ஏறிக்கொண்டேன். தொப்பூர்க் கணவாயில் வண்டி நின்றது. முதலில் மாமாவின் பீடியை அணைக்கச் செய்தேன்! தீப்பொறி எழாதிருக்க இக்னிஷன் காயிலின் கம்பியை நீக்கினேன். பிறகு கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, ஸ்டார்ட்டரை இயக்கச் சொன்னேன். பம்பு நலமாயின் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்சவேண்டும். வந்ததோ இரண்டு சொட்டு. பம்பு புதிது, தொட்டியில் பாதிக்குமேல் பெட்ரோல்!

பாட்டிக்குக் குளுகோஸ் ஏற்றியபோது, செவிலியர் பாட்டிலில் இன்னோர் ஊசியையும் குத்தியது நினைவில் வந்தது. காற்று உள்ளே போக அது. பம்பு பெட்ரோலை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் பம்பு தன்னுள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது; தொட்டியிலுள்ள காற்றுதான் பெட்ரோலைத் தள்ளிவிடுகிறது. பெட்ரோல் செலவாகுந்தோறும் அவ்விடத்தை நிரப்ப வெளிக்காற்று நுழையவேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையோடு அது வெளியே காத்திருக்கிறது. வழி அடைபட்டால்? தொட்டியே பம்போடு மல்லுக்கு நிற்கும். வண்டி ஓய்ந்திருக்கையில் இடுக்குகளில் காற்று மெல்லக் கசிவதால் மீண்டும் கிளம்பும். எஞ்சின் ஆறுவதற்கும் அதே கால்மணி நேரம் ஆவதால்தான் மெக்கானிக் குழம்பினார் போலும்.

தொட்டி மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்றொரு நெடுமூச்சு! ஆறும்வரை காத்திராமல் ஸ்டார்ட்டரை இயக்கச் சொன்னேன். புட்டியில் பெட்ரோல் துள்ளிப் பாய்ந்தது.

பழைய மூடி களவுபோனதால் வாங்கிய மாற்று மூடி அது. புரட்டிப் பார்த்தேன்; காற்றுத் துளையே இல்லை. மூடியை அரைகுறையாய்த் திருகிச் சேலம் சேர்ந்தோம். அங்கே பழைய உதிரிபாகக் கடையொன்றில் துளையுள்ள மூடி கிடைத்தது.

திரும்பும்போது கணவாயில் வண்டி நிற்காமல் ஏறியது. பாட்டிக்குத்தான் வருத்தம். "ஏன்டா, இன்னைக்கு டீக்கு நிறுத்தலையா?" என்றார்.