மூலநிரலும் தாத்தாவின் புத்தகமும்

டெபியன் லினக்ஸ்ல ஒரு மென்பொருள் வேணும்னா 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்'னு ஒரு வரி அடிச்சா போதும், வந்து உக்காந்துக்கும். ஒரே ஒரு விஷயம்... நிலையான பதிப்பு வெளிவர்றதுக்கு முன்னாடியே எல்லாப் பொதிகளோட பதிப்பையும் பூட்டிடுவாங்க. அப்புறம் வர்றது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தமும் பிழைதிருத்தமும்தான். சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு அது வரம். எனக்கு 2019 ஆரம்பத்துல அது சரிப்படல.

என் பொட்டியில இருந்தது டெபியன் 9. அதுல கிடைச்ச டெசராக்ட் 3.04. படத்துல இருக்கிற எழுத்தைப் படிச்சு, டைப் அடிச்ச மாதிரி ஆக்கித் தர்ற எழுத்துணரி அது. 2018 அக்டோபர்லயே நரம்பு வலைப்பின்னல் முறையில வரி வரியாப் படிக்கிற 4.0 வந்தாச்சு. அடுத்த டெபியன் வரட்டும்னு காத்திருக்கலாம்தான். ஆனா அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கிட்டே வந்துச்சு. தாத்தா 1961ல சொந்தக் காசுல அச்சடிச்ச எண்பது பக்கப் புத்தகத்தைப் பெரிய எழுத்துல படிக்கணும்னு அவங்களுக்கு ஆசை. வீட்டுல மிச்சம் இருந்தது ஒரே பிரதி. 3.04 தந்ததைத் திருத்துறதுக்கு, நானே முழுசா டைப் அடிச்சிடலாம்!

சரின்னு மூலநிரலை இறக்கினேன். முதல்ல பழைய பொதியை நீக்கிட்டேன், ரெண்டும் இருந்தா எது ஓடுதுன்னே குழப்பம். கம்பைலர், ஆட்டோகான்ஃப், படங்களைக் கையாளுற லெப்டானிக்கா எல்லாம் டெபியன்லேர்ந்தே போட்டுக்கிட்டேன். அப்புறம் ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். மேக் ஓடுறப்ப காபி குடிச்சிட்டு வரலாம்.

ஓட்டிப் பார்த்தா லைப்ரரியைக் காணோம்னுச்சு. 'எல்டிகான்ஃபிக்' ஒரு தடவை ஓட்டினதும் சரியாயிடுச்சு. தமிழுக்கான தரவுக் கோப்பைத் தனியா இறக்கணும். 3.04ஓட கோப்பு புது எஞ்சினுக்கு ஆகாது.

முதல் பக்கம் வந்தப்ப நம்பவே முடியல :) வரிக்கு ஒண்ணு ரெண்டு பிழைதான். ஆனா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு இல்லையா... தும்பிக்கை வச்ச பழைய லை, னை வந்த இடமெல்லாம் தடுமாறுச்சு. அதெல்லாம் கையாலதான் திருத்தினேன், மூணு வாரம்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. நாமளே கட்டினதுக்கு நாமதான் பொறுப்பு. ஆப்ட் அதைக் கண்டுக்காது, புதுத் திருத்தம் வந்தா நாமதான் மறுபடி கட்டணும். அதனால 'மேக் அன்இன்ஸ்டால்' அடிக்க வசதியா மூலநிரல் ஃபோல்டரை அழிக்காம வச்சிருந்தேன். அந்த ஜூலையில டெபியன் 10 வந்துச்சு, அதுலயே 4.0 இருந்துச்சு. நான் கட்டினதை நீக்கிட்டுப் பொதிக்கே திரும்பிட்டேன்.

மொத்தம் அஞ்சு மாசம்தான் அது ஓடுச்சு. அதுக்குள்ள அம்மா புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சு முடிச்சிருந்தாங்க.