கரந்து ஓடும் நீர்

ஈரான் எனப்படும் பாரசீக நாட்டின் நடுவே பரந்து கிடப்பது வறண்ட மேட்டுநிலம். ஆண்டு முழுதும் நீர் பெருகும் ஆறுகள் அங்கு மிகச் சில. தரைமேல் விட்ட நீரையோ கதிரவன் வெம்மை விரைவில் உண்டுவிடும். எனினும் அந்நிலத்தில் கோதுமை விளைந்தது, மாதுளை பழுத்தது, ஊர்கள் தழைத்தன. இஃது எங்ஙனம் இயன்றது? மண்ணுக்குள் கரந்து ஓடிய நீரால் இயன்றது. அந்நீர்வழியைக் கனாத்து என்பர்.

மலையடிவாரத்தில் முதற்கண் ஆழமான கிணறு ஒன்றை அகழ்வர். வற்றாது நீர் ஊறக் கண்டால், அதனைத் தாய்க்கிணறு எனக் கொள்வர். பின்னர், ஊர்ப்புறத்திலிருந்து அதனை நோக்கி நிலத்தடியே சுரங்கம் தோண்டிச் செல்வர். மண்ணை வெளியேற்றவும் காற்றுப் புகவும் இடையிடையே கிணறுகள் இறக்குவர். சுரங்கம் சிறிதே சரிந்திருத்தல் வேண்டும். சரிவு மிகுந்தால் நீர் மண்ணை அரிக்கும், குறைந்தால் தேங்கும். சரிவு செவ்வையாக அமைந்தால், ஏற்றமும் இறைப்பாரும் இன்றி நீர் தானே ஊர் வந்து சேரும். குராசான் பகுதியில் உள்ள கோனாபாத்து நகரின் கனாத்து 33 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் தாய்க்கிணறு ஏறத்தாழ 300 மீட்டர் ஆழமுடையது.

இத்தகைய பணி எளிதில் முடிவதன்று. ஆதலின், நீரற்ற நிலத்திற்கு நீர் கொணர்ந்தோர்க்கு அந்நிலத்தை ஐந்து தலைமுறை துய்க்கும் உரிமையைப் பாரசீகர் வழங்கினர் என்று பொலிபியசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். சுரங்கம் அகழ்ந்த தொழிலாளர் முகன்னி எனப்பட்டனர். குனிந்தபடியே, சிறு விளக்கின் ஒளியில், அவர்கள் மண்ணை வெட்டினர். மண் சரிந்து மாண்டோர் பலர். எக்கல்லிலும் பெயர் பொறிக்கப்படாத அவர்களை எண்ணுந்தோறும் என் உள்ளம் உருகுகின்றது.

வந்த நீரைப் பகிர்ந்த முறையும் போற்றத்தக்கது. அடியில் சிறு துளையுடைய கிண்ணத்தை நீர் நிறைந்த கலத்தில் மிதக்கவிடுவர். துளைவழியே நீர் புகுந்து கிண்ணம் மூழ்கினால், ஓரளவுப் பொழுது கழிந்தது என்று கொள்வர். நம் முன்னோர் நாழிகை வட்டில் என வழங்கியதை ஒத்தது இது. அவரவர்க்குரிய பங்கு இக்கிண்ணக் கணக்கால் அளந்து விடப்பட்டது.

ஆயினும், கனாத்தின் தலையாய சிறப்பு என யான் கருதுவது அதன் அடக்கமே. மலை ஈந்த அளவே அது கொள்ளும். மழை குறைந்தால் தானும் குறையும். 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் ஆழ்கிணறுகளும் நீரிறைக்கும் பொறிகளும் அந்நாட்டில் பெருகின. விரும்பிய பொழுதெல்லாம் நீர் கிடைத்தது, உழவர் மகிழ்ந்தனர். ஆனால், நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. கனாத்துகள் பல வறண்டன. 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் 11 கனாத்துகளை உலக மரபுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. இது நன்றே. எனினும், காட்சிப் பொருளாக நிற்பதினும் நீர் சுமந்து வாழ்வதன்றோ கனாத்துக்குப் பெருமை?

மாணவர்களே! இன்றும் ஓடும் கனாத்துகளில், என்றோ மாண்டோர் வெட்டிய வழியே வரும் நீரைத்தான் மக்கள் பருகுகின்றனர். இனிப் பிறப்போர்க்கும் அது ஓட வேண்டுமாயின், ஊறும் அளவறிந்து எடுத்தல் வேண்டும். அவ்வளவைக் கடந்து இறைப்போர் தம் வழித்தோன்றல்களின் பங்கையே இறைக்கின்றனர்.