சாம்பல் யார் பங்கு?

வீட்டு வேலையைப் புருஷனும் பெண்டாட்டியும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். மேடையில் ஒப்புக்கொள்ளுகிறோம், பத்திரிகையில் ஒப்புக்கொள்ளுகிறோம். வீட்டுக்குள் வந்த பிறகுதான் எது பாதி என்பதில் தகராறு வருகிறது. நிலமாக இருந்தால் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டுவிடலாம். அடுப்பை எங்கே அளப்பது?

அடுப்பு என்று சமையலைச் சொல்லவில்லை. சமைப்பது வேறு, அடுப்பைப் பேணுவது வேறு. காஸ் வந்த பிறகு இந்த வித்தியாசம் நமக்கு மறந்து போய்விட்டது. குமிழைத் திருகினால் நெருப்பு வருகிறது, மூடினால் போய்விடுகிறது. வந்ததற்கும் போனதற்கும் அடையாளமே இல்லை. அதற்கு முந்திய அடுப்புகளெல்லாம் அப்படியா? ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரையும் பின்னுரையும் உண்டு. முன்னுரை எழுத ஆள் கிடைக்கும். பின்னுரைக்குத்தான் கிடைக்காது.

1980-களில் செங்கோட்டையில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் மரத்தூள் அடுப்புதான். மரம் அறுக்கிற மில்கள் உள்ள ஊர். தேக்கும் அயினியும் அறுத்த தூள் மில் வாசலில் குன்று குன்றாகக் கிடக்கும். ரேஷனில் ஊற்றுகிற மண்ணெண்ணெய் மாதக் கடைசி வரை வராது. விறகோ விலை அதிகம். தூள் மட்டும் ஒரு சாக்கு சொற்பக் காசுக்குக் கிடைக்கும்.

அந்த அடுப்பைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உருளையான தகர அடுப்பு. அடியில் பக்கவாட்டில் ஒரு துவாரம். துவாரத்தின் வழியாக ஒரு கட்டையை உள்ளே நீட்ட வேண்டும். மேலிருந்து நடுவில் இன்னொரு உருட்டுக் கட்டையை, அது இல்லாத வீட்டில் ஒரு பாட்டிலை, நிறுத்த வேண்டும். இரண்டும் அடியில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் தூளைப் போட்டு இடிக்க வேண்டும். லேசான இடி அல்ல. கொல்லத்துக்காரன் தளம் இடிப்பதுபோல இடி. விளிம்பு வரை நிரம்பிய பின் கட்டைகளை மெதுவாகத் திருகித் திருகி உருவினால் உள்ளே ஒரு குழல் நிற்கும். அடியில் மண்ணெண்ணெயில் நனைத்த காகிதத்தை வைத்துக் கொளுத்தினால், துவாரத்தில் நுழைந்த காற்று குழல் வழியே மேலேறும். தூளின் உள்சுவர் மாத்திரம் பற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டு போகும். ஊத வேண்டாம், விறகைத் தள்ள வேண்டாம். காலைச் சமையல் முடிகிற வரை ஒரே சீராக எரியும். தளர்வாகத் திணித்திருந்தாலோ பாதியில் சுவர் சரிந்து குழல் அடைந்துவிடும். அப்புறம் நெருப்பு இல்லை, புகைதான். நடுவில் தூள் போட்டு நிரப்பிக்கொள்ளவும் முடியாது.

ஆகவே திணிப்பது ஒரு வித்தை. எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகள் வெட்கப்படாமல் செய்த ஒரே அடுக்களை வேலை அதுதான் என்று நினைக்கிறேன். சாக்கைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவது, இரவு சாப்பாட்டுக்குப் பின் அடுப்பை முற்றத்துக்குத் தூக்கிவந்து இடிப்பது எல்லாம் புருஷர்கள்தாம். என் தகப்பனார் கட்டையை உருவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். உருவிய பின் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பார். மூலஸ்தானத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். திண்ணையில் இதைப் பற்றிப் பேச்சு நடக்கும். யார் வீட்டு அடுப்பு எத்தனை நாழிகை நின்று எரிந்தது, எந்த மில் தூள் உசத்தி என்றெல்லாம் தர்க்கம்.

அம்மாவின் பங்கு என்ன? தூளைச் சலித்துச் செதிலும் சில்லும் பொறுக்குவாள். வெயிலில் பரப்பி, மேகம் கறுத்தால் ஓடிவந்து அள்ளுவாள். விடியுமுன் எழுந்து பற்ற வைப்பாள். முதல் கால் மணி நேரம் புகையும். அந்தக் கால் மணியும் அவளுக்கே. பாத்திரங்களின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பற்றுப் போடுவாள், கரி ஒட்டாமல் இருக்க. அப்படியும் ஒட்டிய கரியைத் தேய்ப்பாள். எல்லாம் முடிந்த பிறகு அடுப்பைக் கவிழ்த்துச் சாம்பலை அள்ளுவாள். அதிலும் ஒரு ஜாக்கிரதை உண்டு. மரத்தூள் சாம்பல் மேலே வெள்ளையாய்ச் சாதுபோல் இருக்கும். உள்ளே கங்கு மணிக்கணக்கில் கண் விழித்திருக்கும். குச்சியால் கிளறிப் பார்த்து, தண்ணீர் தெளித்து, தென்னை மூட்டில் கொட்ட வேண்டும். இவற்றில் எதைப் பற்றியும் எந்தத் திண்ணையிலும் தர்க்கம் நடந்ததாக ஞாபகம் இல்லை.

ஒரு வருஷம் ஆனி மாதச் சாரல். எங்கள் பக்கத்துச் சாரல் மழை மாதிரி வந்து போவதில்லை. நாள் கணக்கில் பொடிப்பொடியாய்த் தூவிக்கொண்டே இருக்கும்; குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது ஆனந்தம். தூளுக்கு அது சத்துரு. உறை பிரித்த வெல்லம்போலத் தூள் கசிந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு நாளில் எதிர்வீட்டுக்காரரிடம் அப்பா, "எங்க வீட்ல அடுப்பு வேலை பூரா நான்தான் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. அப்படித்தான் அவர் நம்பினார். அம்மா வாசல் தெளிக்க வந்தவள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை காப்பி வரவில்லை.

"ஏ, இவளே! அடுப்புப் பத்த வைக்கலையா?"

"அடுப்பு வேலை பூரா நீங்கதான்லா?"

சண்டையே இல்லாத குரல். அப்பா ஒன்றும் சொல்லாமல் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அடுப்புப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கொளுத்துகிறதும் அவிகிறதும், மறுபடி காகிதமும் மண்ணெண்ணெயும். அடுக்களையிலிருந்து கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமிக்கொண்டு வெளியே வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பும்போது இரண்டு மூங்கில் வாங்கிவந்து, அடுப்புக்கு நேர் மேலே, கைக்கு எட்டும் உயரத்துக்குச் சற்று மேல், ஒரு பரண் கட்டினார். அது முதல் மறுநாளைக்கு வேண்டிய தூள் அந்தப் பரணில் இருந்து அடுப்பின் சூட்டிலேயே உலர்ந்தது. புகை பாதியாகக் குறைந்தது.

இதில் நான் கவனித்தது ஒன்று. புகையை ஒரு நாள் தின்றார், புகைக்குப் பரிகாரம் செய்தார். சாம்பலை அவர் ஒரு நாளும் அள்ளவில்லை. ஆகவே சாம்பலுக்கு ஒரு பரிகாரமும் கடைசி வரை பிறக்கவில்லை.

அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் மூச்சிரைப்பு வந்தபோது ஒரு டாக்டர் எடுத்த எடுப்பில், "பீடி சுற்றுகிற வேலை பார்த்தீர்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் நியாயமான கேள்விதான். இல்லை என்றதும், "எத்தனை வருஷம் அடுப்பில் சமைத்தீர்கள்?" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கணக்கை யாரும் அவளிடம் அதுவரை கேட்டதில்லை. புகையும் சாம்பல் தூசும் நுரையீரலை என்ன செய்யும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உறிஞ்சுகிற மருந்துக் குப்பியோடுதான் இன்றும் அவள் காலம் போகிறது.

இது எங்கள் வீட்டுச் சமாசாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் எஞ்சினீயராக இருந்த எஸ்.பி. ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி 1953-ல் ஒரு புத்தகமே எழுதினார். பிறகு 1983-ல் மத்திய அரசு தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கி, மூன்று கோடிக்கும் மேலான புகையில்லா அடுப்புகளை ஊர் ஊராக வைத்தது. 2002-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அடுப்புகள் கெட்டுப்போனதற்குச் சொன்ன பல காரணங்களில் பராமரிப்பு இல்லை என்பது முக்கியமான ஒன்று. புகைபோக்கியில் கரி அடையும். அடைந்தால் புகை திரும்பி அடுக்களைக்குள் வரும். அதை மாதத்துக்கு ஒரு முறையாவது குத்திவிட வேண்டும். குத்துவது யார்? அடுப்பு பெண்பிள்ளையுடையது, கூரை ஆண்பிள்ளையுடையது. புகைபோக்கி இரண்டுக்கும் நடுவில் நின்றது. என் அபிப்பிராயம், எஞ்சினீயர்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள், இந்த எல்லைத் தாவாவை அளக்கவில்லை.

புருஷ வர்க்கத்தின் பேரில் ஒரு குற்றப் பத்திரிகை எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் சித்தி மகள் அதைக் கெடுத்துவிட்டாள்.

அவளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் இருக்கிறார்கள். அங்கே குளிர் காய்வதற்கு வீட்டுக்குள் ஓர் அடுப்பு உண்டு. பெல்லட் ஸ்டவ் என்று பெயர். நம் மரத்தூள் அடுப்பின் பணக்கார ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அதே மரத்தூள்தான், ஆனால் யந்திரத்தில் கொடுத்து அழுத்தி, ஆறு மில்லிமீட்டர் கனத்துக்குச் சின்னச் சின்னக் குச்சிகளாக வெட்டிவிடுகிறார்கள். பசை கிடையாது, அழுத்துகிற சூட்டில் மரத்திலுள்ள சத்தே இளகி ஒட்டிக்கொள்கிறது. நனைந்தால் ஊதிப் பழையபடி தூளாகிவிடும். நம் சாரல் தூளுக்கு இருக்கிற அதே பலவீனம். நாற்பது பவுண்டு, அதாவது பதினெட்டுக் கிலோ மூட்டை. அடுப்பின் முதுகில் ஒரு தொட்டி. அதில் கொட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் திருகாணி ஒன்று சுழன்று குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். மின்சாரமே பற்ற வைக்கும், மின்விசிறி ஊதும். முன்புறம் கண்ணாடிக் கதவு வழியாக ஜ்வாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

இந்த வீட்டில் மூட்டை தூக்குகிறவள் என் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம்; நோயாளிகளைத் தூக்கிப் பழகிய கை. மாப்பிள்ளைக்கு இடுப்புவலி, வீட்டிலிருந்தே வேலை. ஆகவே தூக்குவதும் கொட்டுவதும் அவள், மற்றதெல்லாம் அவர். மற்றதெல்லாம் என்றால் என்ன என்று அவர் ஒருநாள் போனில் முறையிட்டார். நெருப்புக் கிண்ணத்தில் சாம்பல் உருகிக் கெட்டியாகிக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்ட வேண்டும். கண்ணாடியில் கரி படியும், துடைக்க வேண்டும். சாம்பல் தட்டை எடுத்து மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, உள்ளே கங்கு இருக்கும் என்பதால் வீட்டுக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை புகைக்குழலைக் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும்.

"நல்ல குச்சி என்றால் சாம்பல் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது மச்சான். ஆனால் அந்த ஒன்று முழுக்க என் தலையில்! இவள் ஒரு மூட்டையைக் கொட்டிவிட்டு, அடுப்பு வேலை தீர்ந்தது என்று அதன் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே திகைப்பும். என் அம்மா பேசாமல் விட்ட பேச்சை, கடல் கடந்து ஓர் ஆண்பிள்ளை அட்சரம் பிசகாமல் பேசுகிறார். என் தகப்பனாரின் இடத்தில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பில் வேட்டியா புடவையா என்று சாம்பல் பார்ப்பதில்லை போலிருக்கிறது. முதல் நாளில் தன் கையில் அகப்பட்டவரைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்தால் விடுவதில்லை.

இந்தப் புகாரை அம்மாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"சாம்பலை எத்தனை நாளைக்கு ஒருக்க அள்ளுதாகளாம் மாப்பிள்ளை?"

"வாரத்துக்கு ஒரு தடவையாம்."

"வாரத்துக்கா!" என்றாள். வெகு நேரம் சிரித்தாள். பிறகு அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "கண்ணாடியிலே கரி போகலைன்னா சோப்புக் கீப்புப் போட வேண்டாம்னு சொல்லு. நல்லா ஆறின பெறவு, ஈரத் துணியிலே அந்தச் சாம்பலையே தொட்டுத் தேய்க்கச் சொல்லு. பளிச்சுன்னு வரும்" என்றாள்.

சொன்னேன். மாப்பிள்ளை அப்படியே செய்திருக்கிறார். கண்ணாடி புதிது மாதிரி ஆகிவிட்டதாம். தங்கைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முறை வைத்துத் துடைக்கலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். இவ்வளவு நன்றாகத் துடைக்கத் தெரிந்தவர் இருக்கும்போது முறை எதற்கு என்று அவள் சொல்லிவிட்டாளாம்.