அப்பாவிடம் கேட்கும் நாலு கேள்வி

இந்த வாரம் ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். இங்கே ஜெர்மனியில் நான் செய்வது, பெரிய கணக்கைச் சின்னதாக்குகிற வேலை. அம்மாவுக்குக் கடைசிவரை அது புரியவில்லை. அப்பாவுக்கு விளக்கவே வேண்டாம். திருவனந்தபுரம் தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ராக்கெட் அதிர்வுக் கணக்குப் போட்டே ஓய்வு பெற்றவர்.

விஷயம் இதுதான். 44 மீட்டர் உயர பி.எஸ்.எல்.வி. கிளம்பும்போது மொத்தமும் குலுங்கும். உச்சியில் உள்ள செயற்கைக்கோள் தாங்குமா? இரண்டையும் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக்கினால் சமன்பாடுகள் லட்சக்கணக்கில் வரும். 1968ல் கிரெய்க், பாம்ப்டன் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். இரண்டும் சேரும் இடத்துப் புள்ளிகளை அப்படியே வைத்துக்கொள். உள்ளே இருப்பதற்கு, மெதுவாக ஆடும் சில அதிர்வு வடிவங்கள் போதும். லட்சம் சில நூறாகிவிடும், விடை ஏறக்குறைய அதேதான்.

ஆனால் பறக்கப் பறக்க எரிபொருள் தீர்ந்து எடை குறையும், அதிர்வெண் மாறும். கிளம்பும் நொடிக்குச் செய்த சின்னக் கணக்கு பிறகு பொருந்தாது. அதனால் சில நிலைகளில் முழுக் கணக்கையும் போட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான வடிவங்களைப் பொறுக்குவோம். நாம் பார்த்த எல்லைக்குள் அது உழைக்கும். வெளியே போனால் கைவிட்டுவிடும். கொடுமை என்னவென்றால், அப்போதும் நம்பும்படியாகவே ஒரு விடை தரும்.

ஞாயிறுதோறும் அப்பாவுக்கு ஃபோன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தூங்கினீங்களா, மழை உண்டா? நாலுக்கும் ஒரே பதில்: "எல்லாம் சரியா இருக்குடா." அம்மா இருந்த காலத்துக் கேள்விகள் அவை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது.

போன மாதம் ஊருக்குப் போனேன். கரமனையிலிருந்து தினமும் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போய்வந்த மனுஷர், வாசல் தாண்டி ஆறு மாதமாகிறதாம். பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்லித்தான் தெரிந்தது.

"ஏம்ப்பா சொல்லலை?"

"நீ கேக்கலையேடா."

எனக்குப் பேச்சு வரவில்லை. இருந்த பதினைந்து நாளும் சாயங்காலம் அவரைக் கைபிடித்துத் தெருமுனைவரை கூட்டிப்போனேன். கடைசி நாள் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு கேள்வி இல்லை. "காலையிலேர்ந்து என்ன பண்ணினீங்க, சொல்லுங்கப்பா" என்கிறேன். முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

நீங்கள் ஊருக்குப் பேசும்போது கேட்கிற கேள்விகள் எந்த வருடத்துக் கேள்விகள்? ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.