மாலை ஐந்தரை முதல் ஏழு வரை

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஏழு மணி. பூஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறையும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். பிரான்சும் அமெரிக்காவும். பேத்திதான் தன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து டிவியில் வருமாறு ஏதோ செய்து கொடுத்தாள்.

நான் பிரான்ஸ் கட்சி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்தச் சாய்வு எழுபது வயதைத் தாண்டியும் போகவில்லை. வேலை கிடைத்துச் செங்கல்பட்டு வந்து, ஃபைல்களோடு முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பை கொட்டி, ஓய்வு பெற்றபின் கடல் காற்றுக்காக இங்கே வந்து சேர்ந்தேன். கணக்கை மட்டும் இன்னும் மனதுக்குள் பிரெஞ்சில்தான் போடுகிறேன்.

ஆட்டம் முடியும் தறுவாய். அமெரிக்கா 67, பிரான்ஸ் 64. கடைசி நொடியில் கேபி வில்லியம்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. "மூணு பாயிண்ட்! சமம்!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் மகள் அசையாமல் சொன்னாள்: "இல்லப்பா. கால் கோட்டுல பட்டிருக்கு. ரெண்டுதான்."

அவள் சொன்னதுதான் சரி. 67–66. ஒரு கால்விரலில் போனது தங்கம்.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

1993-ல் அவளுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரமானவள். பள்ளியில் மண் தரை, ஒரே ஒரு வளையம், அதில் வலை கிடையாது. அதிலேயே எறிந்து பழகி மாவட்ட அணித் தேர்வு வரை போய்விட்டாள். பி.டி. டீச்சர் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். "சார், உங்க பொண்ணு தேறிடுவா. தினம் சாயந்திரம் அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும் பயிற்சி. அனுப்பி வையுங்க" என்றார்.

மைதானம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். வழியில் தெருவிளக்கு கிடையாது. "இருட்டினப்புறம் பொண்ணு தனியா வரணுமே" என்றாள் என் மனைவி. எதிர் வீட்டு அம்மாள், அரை டிராயர் போட்டுக்கொண்டு வெயிலில் கறுத்துப்போனால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்றார். நான் இரண்டு காரணத்தையும் சொல்லவில்லை. படித்தவன் அல்லவா! "அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, டீச்சர். பரீட்சை முடியட்டும்" என்றேன். டீச்சர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பரீட்சை முடிந்தது. அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பந்து பரணில் கிடந்து காற்றுப் போனது.

நம் பக்கத்துப் பெண்கள் கூடைப்பந்தில் ஏன் மேலே வருவதில்லை என்று யாராவது கேட்டால், "நம்ம உடம்புவாகு அப்படி, உயரம் போதாது" என்று சொல்லிவிடுகிறோம். வளையம் பத்தடி உயரத்தில் இருப்பதால் அந்தப் பதில் நியாயமாகவும் தெரிகிறது. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு வெள்ளி வாங்கித் தந்த தலைவி செலின் துமெர்க்கின் உயரம் ஐந்தடி ஆறு, ஏழு அங்குலம்தான். அந்த உயரத்தில் நம் தெருவிலேயே பெண்கள் இருக்கிறார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் பிரெஞ்சுப் பத்திரிகைகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். துமெர்க் பல ஆண்டுகள் ஆடிய பூர்ஜ் என்ற ஊரின் பெயர் கண்ணில் பட்டது. நடு பிரான்சில் ஒரு பழைய தேவாலயமும் சுற்றிலும் வயல்களுமாக இருக்கும் ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய அறுபத்தைந்தாயிரம். நம் செங்கல்பட்டு நகராட்சிக்கு 2011 கணக்கெடுப்பில் 62,579. ஆக, இரண்டும் ஒரே அளவு. அந்த ஊர்ப் பெண்கள் அணி 1997, 1998, 2001 என்று மூன்று முறை ஐரோப்பாவின் சாம்பியன் ஆகியிருக்கிறது. அங்கே ஊரின் பெருமையே பெண்கள் அணிதான். சுமார் ஐயாயிரம் பேர் உட்காரும் உள்ளரங்கில் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். பூர்ஜ் பெண்கள் ஒன்றும் பிறவியிலேயே நெட்டையானவர்கள் அல்ல. பார்க்க ஊரே வருகிறது, விளையாட இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

விளையாட்டு இரண்டு ஊர்ப்பக்கமும் வந்து சேர்ந்த வழிகூட ஒன்றுதான். அமெரிக்காவில் 1891-ல் நைஸ்மித் உண்டாக்கியதை, 1893-ல் பாரிசுக்குக் கொண்டுபோனது ஒய்.எம்.சி.ஏ. இங்கே சென்னையில் ஹாரி பக் 1920-ல் ஆரம்பித்த உடற்கல்விக் கல்லூரியும் அதே ஒய்.எம்.சி.ஏ.தான். ஆகவே நமக்குப் பிந்தி வந்தது என்றும் சாக்குச் சொல்ல முடியாது.

பெண் பிள்ளை ஓடினால் என்ன ஆகுமோ என்ற பயமும் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1892-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்த செண்டா பெரன்சன், அவர்கள் களைத்துப் போகாமல் இருக்க மைதானத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, யாரும் தன் பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டார். அயோவா மாநிலப் பள்ளிகளில் பெண்கள் பாதி மைதானத்துக்குள் மட்டுமே ஆடும் வழக்கம் 1993 வரை இருந்தது. நான் டீச்சரைத் திருப்பி அனுப்பிய அதே வருஷம்!

நம் நாட்டிலேயே பாருங்கள். இந்திய அணிக்குப் போன பெண்களின் ஊர்களை எடுத்தால் சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். வாரணாசியில் ஒரே வீட்டிலிருந்து திவ்யா, பிரசாந்தி, ஆகான்ஷா, பிரதிமா என்று நான்கு சகோதரிகள் இந்தியாவுக்கு ஆடினார்கள். மூத்தவள் போன வழியில் தங்கைகள் போனார்கள். சத்தீஸ்கரில் பிலாய் எஃகு ஆலை ஊரில் ராஜேஷ் படேல் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். 2018-ல் காலமானார். கிராமத்து ஏழைப் பெண்களைத் தேடிக் கூட்டிவந்து, தன் வீட்டிலேயேகூடத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பயிற்சி கொடுத்தார். சத்தீஸ்கர் பெண்கள் தேசியப் போட்டிகளில் தங்கமாகக் குவித்தார்கள். கேரளத்தில் விளையாட்டு விடுதி உண்டு, கல்லூரி அணி உண்டு, பிறகு மின்வாரியத்தில் வேலையும் உண்டு. சங்கனாச்சேரிப் பக்கத்து கீது அன்னா ஜோஸ் 2011-ல் அமெரிக்க தொழில்முறை அணிகளின் தேர்வு வரை போனார்.

நம் சென்னைப் பெண் அனிதா பால்துரையும் அப்படித்தான். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார், அணித்தலைவியாகவும் இருந்தார், 2021-ல் பத்மஸ்ரீ. அவருக்குப் பின்னால் நல்ல பயிற்சியாளரும் தெற்கு ரயில்வே வேலையும் இருந்தன. சென்னையிலிருந்து செங்கல்பட்டு ஐம்பத்தாறு கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, இருட்டிய பிறகு, அது ஒன்றரை மணி நேரம் அல்ல. பெற்றவர்கள் இதைப் படித்தால் நான் சொல்வது புரியும்.

இதைச் சொல்லும்போது மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சக்கரப் பலகையிலும் அலைச்சறுக்கிலும் பெயர் வாங்கிய பெண். அவரையும் அவர் அம்மாவையும் பற்றி 'கமலி' என்று ஆவணப்படமே வந்தது. மீன்பிடிக் குப்பத்துப் பெண் அலைமேல் நிற்பதை என் இளமையில் யார் நினைத்திருப்பார்கள்? அலை வீட்டு வாசலில் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அம்மா பக்கத்தில் நின்றார். கூடைப்பந்துக்கும் இதே மூன்றும்தான் வேண்டும்: பக்கத்தில் ஒரு மைதானம், ஒரு டீச்சர், கூட நிற்க வீட்டு மனிதர் ஒருவர். முதல் இரண்டையும் அரசாங்கத்திடம் மனுப் போட்டுக் கேட்கலாம். மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன். மூன்றாவதுக்கு எங்கே மனுப் போடுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, மகளிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு உன்னை அனுப்பாம இருந்தது தப்பும்மா. கோபம் உண்டா?"

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கோபமெல்லாம் இல்லப்பா. ஒண்ணுதான் நினைச்சுப்பேன். உங்க ஆபீஸ் அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சுடும். நீங்க கிரவுண்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தா போதும். சேர்ந்தே வீட்டுக்கு வந்திருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வருஷங்களில் நான் ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்ததில்லை. ரயிலடிப் பக்கம் நண்பர்களோடு டீயும் அரட்டையும். வீடு திரும்ப ஏழரை ஆகும். இருட்டு, தெருவிளக்கு, பரீட்சை என்று இத்தனை காரணம் சொன்ன எனக்கு, கூடப் போய் உட்காரலாம் என்ற ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. பையனாக இருந்தால் கூடப் போக வேண்டிய தேவையே இருந்திருக்காது. பெண்ணாக இருந்ததால் தேவை இருந்தது, நேரமும் என்னிடம் இருந்தது. நான் போகவில்லை.

பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. உயரம் அவள் அம்மா அளவுக்கு இல்லை. இந்திய அணிக்கெல்லாம் போவாள் என்று நான் கனவு காணவில்லை. பந்து மட்டும் பிடித்துவிட்டது. அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் செங்கல்பட்டில் பயிற்சி. அந்த மூன்று நாளும் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸைப் பிடித்து நாலரைக்கே போய்விடுகிறேன். மைதான ஓரத்தில் ஒரு சிமெண்ட் திண்ணை இருக்கிறது. ஐந்தரை முதல் ஏழு வரை அங்கே உட்கார்ந்திருப்பேன். கொசு கடிக்கும், முதுகு வலிக்கும். ஆட்டம் பாதிதான் புரியும்.

போன மாதம் பேத்தியோடு பயிற்சிக்கு வரும் இன்னொரு பெண்ணின் தாயார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, நீங்க தினமும் இங்க இருப்பீங்களா? இருந்தா என் பொண்ணையும் விட்டுட்டுப் போறேன். எனக்கு ஏழு மணி வரைக்கும் கடை." இருப்பேன் என்றேன். இப்போது நான்கு பெண்களை வீட்டில் விட்டுவிட்டுத்தான் மகள் வீட்டுக்குப் போகிறேன். அந்த மூன்று நாள் ராத்தங்கலும் அங்கேதான்.

என் வயதுக்காரர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். நம்மிடம் பென்ஷனைத் தவிர வேறொன்றும் இருக்கிறது: மாலை ஐந்தரை முதல் ஏழு வரையான நேரம். உங்கள் ஊர் மைதானத்திலும் ஒரு திண்ணை இருக்கும். போய் உட்காருங்கள். கொசுவர்த்தி எடுத்துப் போக மறக்காதீர்கள்.